மூளைக்குள் கருவி: பொறுப்பு யாருக்கு?

மனித மூளையில் மின்முனைகளைப் பதித்து, அதைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் தொழில்நுட்பம் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. அமெரிக்காவின் நியூராலிங்க் நிறுவனம் 2025 செப்டம்பர் வரை 12 பேருக்கு இந்தக் கருவியைப் பொருத்தியிருந்தது. 2026-ல் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கப்போவதாக அதன் நிறுவனர் எலான் மஸ்க் அறிவித்தார். சீனாவும் மனிதர்களிடம் ஆய்வைத் தொடங்கிவிட்டது. நரம்புத் தொழில்நுட்பத்துக்கான அறநெறிப் பரிந்துரைகளை யுனெஸ்கோ 2025 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை.

இதைப் பற்றி நம்மிடம் வரும் செய்திகள் இரண்டே வகை. மனிதன் இனி எல்லாம் அறிந்தவன் ஆகிவிடுவான் என்பது ஒன்று. நம் மனதில் இருப்பதையெல்லாம் இயந்திரம் படித்துவிடும் என்பது இன்னொன்று. கை கால் அசையாமல், வாய் பேச முடியாமல் படுக்கையில் இருப்பவர் இந்த இரண்டிலும் காணாமல் போய்விடுகிறார். இந்தக் கருவி முதலில் அவருக்கானது.

அவருடைய இடத்தில் நின்று பார்த்தால் எழும் கேள்வி எளிமையானது. கருவியைத் தலைக்குள் வைத்தபிறகு அதற்குப் பொறுப்பு யார்? பழுதானால் யார் பார்ப்பார்கள்? அது சேகரிக்கும் தகவல் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிவைத்த பிறகே நம் நாட்டில் இதற்குக் கதவைத் திறக்க வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது?

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை மெல்லிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. தலைக்கு மேலிருந்தே இந்த மின்னலைகளைப் பதிவுசெய்ய முடியும் என்று ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் கண்டார். வலிப்பு நோயாளிகளுக்கு இன்று எடுக்கப்படும் ‘இஇஜி’ அதன் வழிவந்ததுதான்.

ஆனால், மண்டையோட்டைத் தாண்டி வரும்போது அந்த அலைகள் மங்கிவிடும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்பவருக்கு மேளச் சத்தம் கேட்கும், உள்ளே இருவர் பேசிக்கொள்வது கேட்காது. தனித்தனி செல்களின் பேச்சைக் கேட்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் மூளைக்குள் மின்முனைகள்.

கையை அசைக்க நினைக்கும்போது, மூளையில் அதற்கான பகுதியில் உள்ள செல்கள் ஒருவிதமாகத் துடிக்கும். தண்டுவடம் அறுபட்டவருக்கும் அந்தத் துடிப்பு நிற்பதில்லை. கட்டளை பிறக்கிறது, கைக்குப் போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. கருவி அந்தத் துடிப்பைப் பிடித்துக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அதன் பொருளைப் பழகிக்கொண்டு, திரையில் சுட்டியையோ ஓர் இயந்திரக் கையையோ நகர்த்துகிறது.

இது திடீரென்று முளைத்ததும் அல்ல. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2004-ல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞருக்கு 96 மின்முனைகள் கொண்ட சிறிய சில்லைப் பொருத்தியது. நினைப்பாலேயே அவர் மின்னஞ்சலைத் திறந்தார், தொலைக்காட்சியை இயக்கினார். 2012-ல் வெளியான ஆய்வில், பக்கவாதத்தால் முடங்கிய ஒரு பெண் இயந்திரக் கையை நினைப்பால் நகர்த்தி, தானே காபியை எடுத்துக் குடித்தார்.

நியூராலிங்க்கின் கருவி நாணய அளவுள்ளது. தலைமுடியைவிட மெல்லிய 64 இழைகளில் 1,024 மின்முனைகள். அவற்றை ஒரு ரோபோ மூளையில் தைக்கிறது. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சிங்க்ரான் நிறுவனம் மண்டையோட்டைத் திறக்காமல், கழுத்து ரத்தக்குழாய் வழியாக வலைபோன்ற கருவியை மூளைக்கு அருகே கொண்டுபோய் வைக்கிறது. முந்தையதில் தகவல் அதிகம், அறுவைச் சிகிச்சையின் ஆபத்தும் அதிகம். பிந்தையதில் இரண்டுமே குறைவு.

பேச்சு திரும்பியது

இந்தத் துறையின் பெரிய பாய்ச்சல் பேச்சில்தான் நடந்திருக்கிறது. ஸ்டீபன் ஹாக்கிங்கைத் தாக்கிய ஏ.எல்.எஸ். நோய் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும். அறிவு தெளிவாக இருக்க, நாக்கும் உதடும் கேட்க மறுக்கும். தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடச் சொல்ல முடியாத நிலை அது.

2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, இந்நோயால் பேச்சிழந்த ஒருவரின் மூளைத் துடிப்பிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்களை எழுத்தாக்கியது. அந்த ஆய்வு வெளியான அதே நாளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ குழு, பக்கவாதத்தால் 18 ஆண்டுகளாகப் பேச முடியாமல் இருந்த பெண்ணுக்கு நிமிடத்துக்கு 78 சொற்கள் வரை மீட்டுத்தந்ததை வெளியிட்டது. நாம் சாதாரணமாக ஆங்கிலத்தில் பேசும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள். அதில் பாதியை எட்டியாயிற்று.

2024-ல் வெளியான கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் குழுவின் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவரின் மூளையில் 256 மின்முனைகளைப் பொருத்தினார்கள். அவர் சொல்ல முயன்ற சொற்களைக் கருவி 97 சதவீதத்துக்கும் மேல் சரியாகப் பிடித்தது. நோய் வருவதற்கு முன்பு பதிவான அவருடைய குரலைக் கொண்டே கணினி அவற்றை ஒலித்தது. தான் சொல்ல நினைத்த சொற்கள் திரையில் தோன்றியதைக் கண்டு அவர் கண்கலங்கினார், சுற்றி நின்றவர்களும்தான்.

தொழில்நுட்பத்தின் மீதுள்ள அச்சத்தால் இந்தக் கதவை மூட நமக்கு உரிமையில்லை. சாலை விபத்திலும், பனை, தென்னை மரங்களிலிருந்து தவறி விழுந்தும் தண்டுவடம் முறிந்தவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்கள் எத்தனையோ வீடுகளில் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இதன் பலன் ஒருநாள் வர வேண்டும். எப்படி வர வேண்டும் என்பதுதான் பேச்சு.

மனதைப் படித்துவிடுமா?

மேலே சொன்ன பேச்சு ஆய்வுகள் எல்லாவற்றிலும் நோயாளி பேச முயன்றார். உதடும் நாக்கும் அசையாவிட்டாலும் அசைக்கும் முயற்சியை அவர் செய்தார். அந்த முயற்சியைத்தான் கருவி படித்தது. அதுவும் பல மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு, அவருடைய முழு ஒத்துழைப்போடு. ஒருவர் தலைக்குள் ஓடும் நினைவுகளைக் கூப்பிடாமலே எடுத்துவரும் கருவி இன்று எங்கும் இல்லை.

ஆனால், எல்லைக்கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது. மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு பிடிக்க முடியும் என்று ஸ்டான்ஃபோர்டு குழு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதிகபட்சத் துல்லியம் 74 சதவீதம். நோயாளிகள் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டதன் சுவடும், அதைச் சொல்லுமாறு கேட்காதபோதே கருவியில் தெரிந்தது.

அந்த ஆய்வாளர்கள் இதைக் கண்டதோடு நிற்காமல், ஒரு பூட்டையும் வடிவமைத்தார்கள். நோயாளி ஒரு குறிச்சொல்லை மனதுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். பேச விரும்பாதபோது அது காது கொடுக்காது. நல்ல ஆய்வாளர்கள் இதைத் தாமாகவே செய்தார்கள். லாபத்துக்குக் கருவி விற்கும் நிறுவனமும் செய்யும் என்பதற்கு, சட்டம் இல்லாத இடத்தில் உத்தரவாதம் இல்லை.

நடைமுறையில் இன்னொரு சிக்கல் இப்போதே இருக்கிறது. கருவி மூளைத் துடிப்பை மட்டும் வைத்து வாக்கியம் அமைப்பதில்லை. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று மொழி மென்பொருள் ஊகித்து இடைவெளியை நிரப்புகிறது. நூறில் 97 சொல் சரி என்றால், மூன்று சொல் தவறு. உணவு கேட்கும்போது அந்த மூன்று சொல்லால் பெரிய கேடு வராது. உயில் எழுதும்போது, நிலப் பத்திரத்துக்குச் சம்மதம் தரும்போது, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது அந்த மூன்றில் ஒன்று ‘வேண்டும்’ என்பதை ‘வேண்டாம்’ ஆக்கிவிடலாம். சொன்னது அவரா, இயந்திரமா என்ற வழக்கு நம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒருநாள் வரும்.

நிறுவனம் மூடப்பட்டால்?

மூளையில் வைத்த கருவி வைத்தபடியே இருப்பதில்லை. நியூராலிங்க்கின் முதல் பயனாளரான நோலண்ட் ஆர்போவுக்கு 2024 ஜனவரியில் கருவி பொருத்தப்பட்டது. சில வாரங்களிலேயே இழைகளில் பெரும்பகுதி மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டது. ஏறத்தாழ 15 சதவீத இழைகளே இடத்தில் நின்றன. மென்பொருளை மாற்றி எழுதி இழந்த வேகத்தை மீட்டார்கள். அப்படிச் செய்ய நிறுவனமும் பணமும் பொறியாளர்களும் இருந்தார்கள். இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு.

செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் பார்வையிழந்தவர்களுக்காக ‘ஆர்கஸ் 2’ என்ற விழித்திரைக் கருவியை விற்றது. அமெரிக்க அரசு 2013-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் கண்ணுக்குள் அதைப் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது, அடுத்த ஆண்டே திவாலின் விளிம்புக்குப் போனது. மங்கலாகத் தெரிந்த ஒளியும் நிழலும் கருவி பழுதானதும் சிலருக்கு மறுபடி இருண்டது. பழுது பார்க்க ஆளில்லை, உதிரிபாகம் இல்லை. எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய ஒரு நோயாளியின் மருத்துவர், கண்ணில் உள்ள கருவியோடு அதைச் செய்யலாமா என்று நிறுவனத்திடம் கேட்கப்போய்ப் பதில் பெற முடியாமல் தவித்தார்.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடந்தது. நியூரோவிஸ்டா என்ற நிறுவனம் வலிப்பு வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை 15 நோயாளிகளுக்குப் பொருத்தி ஆய்வுசெய்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை அது முழுதாக மாற்றியது. எச்சரிக்கை வந்தால் மருந்து எடுத்துக்கொள்வார், அச்சமின்றி வெளியே போவார். நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. கருவியை எடுத்துவிடச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்ள அவரும் கணவரும் முயன்றார்கள். முடியவில்லை. அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். தன்னில் ஒரு பகுதியையே இழந்ததாக அவர் பின்னாளில் ஆய்வாளர்களிடம் சொன்னார்.

நம் வீட்டுக் கைபேசியைத் தயாரித்த நிறுவனம் கடையைக் கட்டினால் வேறு கைபேசி வாங்கிக்கொள்வோம். மூளைக்குள் இருப்பதை அப்படி மாற்ற முடியாது. எடுப்பதற்கும் மண்டையோட்டைத் திறக்க வேண்டும். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்று அதற்கும் ஆபத்துகள் உண்டு. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு ஒருவரின் பேச்சையும் பார்வையையும் கட்டிவைப்பது நியாயமே ஆகாது.

நமக்குத் தெரிந்த பாடம்

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. உள்காதில் மின்முனைகளை வைத்து, செவி நரம்பைத் தூண்டும் கருவி அது. நரம்பு மண்டலத்தோடு இயந்திரத்தை இணைப்பதில் உலகம் பெற்ற மிகப் பெரிய வெற்றி அதுதான். ஏழைக் குழந்தைகளுக்கும் அதை இலவசமாகக் கொண்டுசேர்த்தது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய காரியம்.

ஆனால், அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றோடு வேலை முடிவதில்லை. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிப்பகுதிக்கு பேட்டரி வேண்டும், ஒயர் வேண்டும். அது தேயும், உடையும், சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். வெளிப்பகுதி நின்றுவிட்டால் உள்ளே உள்ள கருவியால் பயன் இல்லை, குழந்தை மறுபடியும் நிசப்தத்துக்குத் திரும்பும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அந்தச் செலவு பெரும் சுமை. பேச்சுப் பயிற்சிக்காக வாரந்தோறும் நகரத்துக்கு வந்துபோவது இன்னொரு சுமை.

நடுக்குவாத நோய்க்கு மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் தரும் சிகிச்சை சென்னையிலும் நடக்கிறது. அதில் மார்புத் தோலுக்குக் கீழே வைக்கும் பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறுவைச் சிகிச்சை செய்து மாற்ற வேண்டும். சேமிப்பையெல்லாம் திரட்டி முதல் சிகிச்சையைச் செய்துகொண்ட குடும்பம், அடுத்த பேட்டரிக்கு எங்கே போகும்? உடலுக்குள் வைக்கும் எந்தக் கருவியிலும் விலை ஒரு பங்கு என்றால், வாழ்நாள் பராமரிப்பு இன்னொரு பங்கு. அந்த இரண்டாம் பங்கைக் கணக்கில் எடுக்காத திட்டம் பாதித் திட்டமே.

தலைப்பட்டை வழியே வரும் ஆபத்து

நம்மில் பெரும்பாலோருக்கு மூளைக்குள் கருவி வைக்கும் தேவை வராது. நம் வீட்டுக்குள் முதலில் வரப்போவது தலையில் மாட்டும் பட்டை. தியானத்துக்கு உதவும், தூக்கத்தைச் சீராக்கும், கவனத்தைக் கூட்டும் என்று சொல்லி மூளை அலைகளைப் பதிவுசெய்யும் பட்டைகள் இணையக் கடைகளில் ஏற்கெனவே விற்பனையாகின்றன. இவை மருத்துவக் கருவிகள் என்ற கணக்கில் வருவதில்லை.

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, மாணவர்கள் தலையில் இத்தகைய பட்டையை மாட்டியது. எந்தக் குழந்தை கவனிக்கிறது, எது கவனிக்கவில்லை என்று ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தகவல் போனது. 2019-ல் செய்தி வெளியாகி மக்கள் கொதித்தெழுந்த பிறகே அது நிறுத்தப்பட்டது. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கும் பயிற்சி மையங்கள் நிறைந்த நம் நாட்டில் இது வராது என்று யாரால் சொல்ல முடியும்?

இத்தகைய பொருட்களை விற்கும் 30 நிறுவனங்களின் நிபந்தனைகளை நியூரோரைட்ஸ் அறக்கட்டளை 2024-ல் ஆராய்ந்தது. அவற்றில் 29 நிறுவனங்கள் வாடிக்கையாளரின் மூளைத் தகவலை உருப்படியான கட்டுப்பாடு ஏதுமின்றி எடுத்துக்கொள்ளும் வகையில் நிபந்தனைகளை எழுதிவைத்திருந்தன.

சிலி நாடு இதில் முன்னோடி. 2021-ல் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி, மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் பாதுகாக்க வழிசெய்தது. முன்னாள் செனட்டர் கீதோ ஹிரார்தி, தலைப்பட்டை விற்ற எமோடிவ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய மூளைத் தகவலை அழிக்குமாறு 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் அமெரிக்காவின் கொலராடோ, கலிஃபோர்னியா மாநிலங்கள் மூளைத் தகவலைத் தனியுரிமைச் சட்டத்தின் காப்புக்குள் கொண்டுவந்தன.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

மனதின் அந்தரங்கத்தைப் பற்றி இந்திய நீதிமன்றம் மற்ற பல நாடுகளுக்கு முன்பே பேசிவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து, குற்றம் அவர்கள் நினைவில் இருக்கிறதா என்று ‘கண்டறியும்’ சோதனை நம் நாட்டுக் காவல் துறைகளில் ஒரு காலத்தில் புழக்கத்தில் இருந்தது. 2008-ல் புனேயில் ஒரு கொலை வழக்கில் தண்டனைக்கான ஆதாரங்களில் ஒன்றாகவே அது ஏற்கப்பட்டது.

2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடைபோட்டது. உண்மை அறியும் ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரின் விருப்பமின்றி நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டப் பாதுகாப்பு, மூளைக்கும் பொருந்தும் என்பதே அதன் சாரம். நாம் பற்றிக்கொள்ள வேண்டிய அடித்தளம் இதுதான்.

அந்த அடித்தளத்தின் மேல் நாம் எழுப்பிய சட்டம் பலவீனமாக இருக்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மூளைத் தகவலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல் என்ற தனி வகை முந்தைய வரைவுகளில் இருந்தது, இறுதிச் சட்டத்தில் அது இல்லை. உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மூளை அலையும் இந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரே தட்டில்தான் இருக்கின்றன.

வேலைவாய்ப்பு தொடர்பான தேவைக்காக ஊழியரின் தகவலை அவருடைய ஒப்புதல் இல்லாமலே முதலாளி பயன்படுத்த அதே சட்டம் இடம் தருகிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், கல்விப் பணிக்காக மாணவர்களைக் கண்காணிக்கப் பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கின்றன. லாரி ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தை அளக்கிறோம், தொழிலாளியின் கவனத்தைப் பார்க்கிறோம், மாணவனின் படிப்பைச் சீராக்குகிறோம் என்று சொல்லித் தலைப்பட்டை வந்தால், தடுத்து நிறுத்தத் தெளிவான வரி ஒன்று சட்டத்தில் இல்லை.

தமிழில் பேசுமா?

இன்னொரு கேள்வியை நம்மைத் தவிர யாரும் கேட்கப்போவதில்லை. பேச்சை மீட்டுத்தரும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. மூளைத் துடிப்பை ஒலிகளாகவும், ஒலிகளைச் சொற்களாகவும், சொற்களை வாக்கியமாகவும் மாற்றும் மென்பொருள் ஆங்கிலத்தில் பழகியது. சான் பிரான்சிஸ்கோ குழு 2024-ல் ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டிலும் பேசும் ஒருவருக்கான கருவியை வெற்றிகரமாகச் செய்துகாட்டியது. மொழி ஒரு தடையல்ல, உழைப்பு வேண்டும் என்பதற்கு அது சான்று.

தமிழில் இந்த உழைப்பு இரட்டிப்பு. நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. செய்தித்தாளைப் படித்துப் பழகிய மென்பொருள், பக்கவாதத்தால் பேச்சிழந்த தஞ்சாவூர் விவசாயி மனைவியிடம் பேசும் மொழியை ஊகிக்காது. நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் சென்னைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒலிவடிவில் சேகரிக்கப்பட்டு எல்லோரும் பயன்படுத்தும்படி இருந்தால்தான், நாளை வரும் கருவி நம்மோடு நம் மொழியில் பேசும். கருவி வந்தபிறகு தொடங்கினால் பத்தாண்டு பிந்திவிடுவோம். இந்தச் சேகரிப்பு, கைபேசி வழியே பேச உதவும் எளிய செயலிகளுக்கும் இன்றே பயன்படும்.

செய்ய வேண்டியவை

ஒன்று, வாழ்நாள் பராமரிப்பு வைப்புநிதி. மூளையிலோ நரம்பிலோ கருவி பொருத்த அனுமதி கேட்கும் நிறுவனம், ஒவ்வொரு பயனாளருக்கும் பழுதுநீக்கம், மென்பொருள் மேம்பாடு, தேவைப்பட்டால் அகற்றும் அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்கான தொகையை முன்கூட்டியே ஒரு பொது நிதியில் செலுத்த வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் கருவியின் வரைபடமும் மென்பொருளும் அரசு மருத்துவ நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் மத்திய அமைப்பு இதை அனுமதியின் நிபந்தனையாக்கலாம்.

இரண்டு, மூளைத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு. எண்மத் தரவுச் சட்டத்தைத் திருத்தி, மூளைத் தகவலைத் தனி வகையாக அறிவிக்க வேண்டும். அதை விற்கவும், விளம்பரத்துக்குப் பயன்படுத்தவும், காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கவும் முழுத் தடை வேண்டும். தலைப்பட்டைகளும் இதற்குள் வர வேண்டும்.

மூன்று, பள்ளியிலும் பணியிடத்திலும் தடை. மாணவரின், ஊழியரின் மூளை அலையைப் பதிவுசெய்வதை, அவர் ஒப்புக்கொண்டாலும் அனுமதிக்கக் கூடாது. வேலை போய்விடும் என்ற அச்சத்தில் கொடுக்கும் ஒப்புதல் ஒப்புதல் அல்ல. செல்வி வழக்கின் தீர்ப்பைக் காவல் விசாரணைக்கு வெளியேயும் பொருந்தும் சட்டமாக்க வேண்டும்.

நான்கு, ஒப்புதலைத் தாய்மொழியில் பெறுவது. ஆய்வில் சேரும் நோயாளிக்கு என்ன பலன், என்ன ஆபத்து, ஆய்வு முடிந்தபின் கருவி என்னவாகும் என்பதை அவருடைய மொழியில், ஆய்வோடு தொடர்பில்லாத மருத்துவர் ஒருவர் விளக்க வேண்டும். அறநெறிக் குழுக்களில் மாற்றுத்திறனாளிகள் இடம்பெற வேண்டும். கருவி வழியே பேசுபவர் சட்ட ஆவணத்துக்குச் சம்மதம் தரும்போது, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக்காட்டி அவர் உறுதிப்படுத்தும் முறையைப் பதிவுத் துறையும் நீதிமன்றங்களும் வகுக்க வேண்டும்.

ஐந்து, பேச்சுத் தமிழ் ஒலித் தொகுப்பு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடி, வட்டார வழக்குகளின் ஒலிப்பதிவுகளைத் திரட்டிப் பொதுவில் வைக்க வேண்டும். பேச்சை இழக்கும் நோய் உறுதியானவர்கள் தம் குரலை முன்கூட்டியே பதிந்துவைக்க அரசு மருத்துவமனைகளில் வசதி வேண்டும். இதற்கு ஒலிவாங்கியும் கணினியும் பொறுமையுள்ள ஒரு பணியாளரும் போதும்.

ஆறு, இருப்பதை முதலில் கொண்டுசேர்ப்பது. தண்டுவடம் முறிந்தவர்கள் பலர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறக்கிறார்கள். அதைத் தடுக்க மூளைக் கருவி தேவையில்லை. நல்ல மெத்தை, சக்கர நாற்காலி, வீட்டுக்கு வந்து பார்க்கும் பிசியோதெரபி பணியாளர் போதும். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தென்காசி அருகே ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்து மக்களுக்கு மறுவாழ்வுச் சேவையைக் கொண்டுசெல்ல முடியும் என்று நிரூபித்துக்காட்டியிருக்கிறது. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி பேச முடியாத குழந்தைகளைப் படங்களின் வழியே பேசவைக்கிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இவற்றுக்கான மையம் வேண்டும். நாளை மூளைக் கருவி வரும்போது, நோயாளிக்குப் பயிற்சியும் தொடர் கவனிப்பும் தரப்போவதும் அதே மையம்தான்.

இவற்றில் மாநில அரசு யாருக்கும் காத்திராமல் தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் வெளிப்பகுதியின் பராமரிப்பையும், காலம் முடிந்தால் மாற்றுக் கருவியையும் உரிமையாக அறிவித்து, அதற்கான தொகையை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்கலாம். இன்று காதுக்கு அந்தக் கடமையை ஏற்கும் அரசுக்குத்தான், நாளை மூளைக்குள் கருவி வைக்க வரும் நிறுவனத்திடம் அதே கடமையைக் கேட்கும் தகுதி இருக்கும்.